ஈக்களைச் சாப்பிட அழைத்தவள்

வெங்கக்கல்பாளையத்தில் யாரும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. பாசம் பொங்கி வழிந்த ஊர் என்று நினைத்துவிட வேண்டாம், எல்லாம் ஈ செய்த வேலை. ஊரைச் சுற்றி நாலு திசையிலும் கோழிப்பண்ணைகள், பண்ணைகளுக்குப் பின்னால் குன்று குன்றாகக் கோழி எரு, எருவுக்குள் நெளியும் புழு, அந்தப் புழுவிலிருந்து பத்து நாளைக்கு ஒரு தரம் கிளம்பி வரும் ஈக்கள், அவை வந்து உட்காராத தட்டும் டம்ளரும் மூக்கும் ஊரில் இல்லை என்பதால், ஒருவர் சாப்பிட்டால் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிற வேண்டும், சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் விசிறியை வாங்கிக்கொண்டு மற்றவருக்கு விசிற வேண்டும். சண்டை போட்டுப் பேச்சு வார்த்தை நின்றுபோன புருஷன் பெண்டாட்டிகூட சோற்று நேரத்தில் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு விசிறினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பாடச் சொல்லவில்லை, விசிறச் சொல்லித்தான் பார்த்தார்கள்.

பாவாயிக்கு விசிறிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் செங்கோடன். முட்டை அடுக்கிய அட்டைகளை லாரியில் ஏற்றுகிற வேலை. மாசி மாதம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அட்டைகளின் மேலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் தவமணி திருப்பூரில் வாழ்க்கைப்பட்டு, பனியன் கம்பெனிக்குப் போகும் புருஷனோடு ஒற்றை அறையில் குடியிருந்தாள், ஒரு மாதக் கர்ப்பம் வேறு. ஆகவே பாவாயி இடது கையால் விசிறிக்கொண்டு வலது கையால் தின்றாள். துக்கத்தைக்கூடத் தாங்கிக்கொண்டாள், அந்த இடது கை வலியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம், கை ஓய்ந்துபோய் விசிறியைக் கீழே வைத்துவிட்டாள். ஒரே ஒரு ஈ வந்து தட்டின் விளிம்பில் உட்கார்ந்து முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு அவளைப் பார்த்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாம் சாப்பிடும்போது வாசலில் யார் தலை தெரிந்தாலும், அது கடன்காரனாகவே இருந்தாலும், "வாங்க, சாப்புடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். வந்தவர் "ஆச்சுங்க, நீங்க சாப்புடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். யாரும் அதை நிஜமாக எடுத்துக்கொள்வதில்லை. பாவாயி அந்தச் சொல்லைச் சொல்லியே இரண்டு மாதமாகியிருந்தது, சாவு விழுந்த வீட்டுக்குச் சோற்று நேரத்தில் யார் வருகிறார்கள்? வாய்க்குப் பழகிப்போன சொல் தானாக வெளியே வந்துவிட்டது.

"வாங்க, சாப்புடுங்க."

பாவம், ஈக்கு "ஆச்சுங்க" என்று சொல்லத் தெரியாது.

அன்று பொழுது சாய்வதற்குள் வெங்கக்கல்பாளையத்தின் ஈக்கள் அத்தனையும் பாவாயி வீட்டுக்கு வந்து சேர்ந்தன. முதுகில் நாலு கோடு போட்ட வீட்டு ஈ, செத்ததைத் தேடி அலையும் பச்சை ஈ, சாக்கடையில் பிறக்கிற மயிர் அடர்ந்த சின்ன ஈ, அழுகிய வாழைப்பழத்தை விட்டுப் பிரியாத கண் சிவந்த பொடி ஈ, மாட்டுத் தொழுவத்தில் கடிக்கிற ஈ என்று சாதி வித்தியாசம் பார்க்காமல் எல்லாம் வந்து, வெள்ளையடித்த சுவரில் உட்கார்ந்து சுவரைக் கறுப்பாக்கின, காலண்டரில் உட்கார்ந்து தேதியை மறைத்தன, செங்கோடன் போட்டோவில் கண் மட்டும் தெரியும்படி விட்டு மற்றதையெல்லாம் மூடின. அவை அவளைத் தொந்தரவு செய்யவில்லை என்பதுதான் அவளை முதலில் நடுங்க வைத்தது. அவள் நடந்தால் எழும்பி வழி விட்டன. தட்டில் சோறு போட்டால் சுற்றிலும் உட்கார்ந்து, அவள் முதல் வாயை எடுத்து விழுங்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் இறங்கின. இவ்வளவு மரியாதை தெரிந்த விருந்தாளிகளை அவள் தன் சொந்தத்திலேயே பார்த்ததில்லை.

பாவாயி சும்மா இருந்துவிடவில்லை. நொச்சித் தழையைப் போட்டு மூட்டம் போட்டாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், வேப்பிலைக் கொத்தும் தண்ணீர் நிரப்பிய பாலிதீன் பையும் நிலைப்படியில் தொங்கவிட்டாள், கடையில் விற்கிற பசைத்தாளை வாங்கி ஒட்டினாள். பசைத்தாளில் ஒன்றுகூட ஒட்டவில்லை. நாலாம் நாள் ஒன்றியத்திலிருந்து சுகாதார ஆய்வாளர் எபினேசர் வந்தார். அறுபதை நெருங்கிய, அவசரப்படாத மனிதர். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். சாக்கடைத் துளை, அரிசிப் பானைக்கு அடி, குப்பைக்கூடை, கட்டிலுக்குப் பின்புறம், எதையும் விடவில்லை.

"பறக்கிற ஈயை அடிச்சுப் பிரயோசனமில்லீங்கம்மா. எங்க முட்டை போடுதுன்னு பாக்கணும். ஈரக் குப்பை, எரு, சாக்கடை அடைப்பு, செத்த எலி, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தே ஆகணும்" என்றார். இரண்டு மணி நேரம் தேடிவிட்டு வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "உங்க வீட்டுல ஒரு ஈகூடப் பொறக்கலீங்க. எல்லாம் வந்தது."

"வந்தது எப்பப் போகுங்க?"

"அது எனக்குத் தெரியலீங்கம்மா. பொறக்கிற எடத்தை மூடச் சொல்லி ஊருக்குள்ள சொல்றேன். எருவுல சுண்ணாம்பு போட்டு, தார்ப்பாய் மூடினா ஒரு மாசத்துல பாதி குறையும்."

அவர் ஊருக்குள் போய்ச் சொன்னார். ஊர் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டது, மோர் கொடுத்து அனுப்பியது, எதையும் மூடவில்லை.

ஏன் மூட வேண்டும்? இருபது வருஷத்துக்குப் பிறகு வெங்கக்கல்பாளையம் விசிறியில்லாமல் சாப்பிட்டது. முதல் வாரம் ஜனங்கள் ரசத்தைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் பனையோலை விசிறிகள் அடுப்பெரிக்கப் போயின. மூன்றாம் வாரம், விசிறத்தான் ஆள் வேண்டியதில்லையே என்று, அவரவர் பசித்தபோது அவரவர் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் தின்னத் தொடங்கினார்கள். எருக்குழிகள் திறந்து கிடந்தன, நாற்றம் முன்னைவிட மோசம், ஆனால் பத்து நாளைக்கு ஒரு தரம் புதிதாகப் பிறந்த ஈக்கள் குழியிலிருந்து கறுப்புக் கயிறு போல ஆகாயத்தில் நீண்டு, எந்த வீட்டையும் எட்டிப் பார்க்காமல் நேராகப் பாவாயி வீட்டு ஓட்டுச் சந்துக்குள் இறங்கின. ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மேற்கு வீதிச் செல்லாயி, பழக்க தோஷத்தில், கம்மஞ்சோறு தின்றுகொண்டிருந்தவள் வாசலில் போன பாவாயியைப் பார்த்து "வாங்கக்கா, சாப்புடுங்க" என்றாள். யாராவது ஒரு வார்த்தை கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கிப்போயிருந்த பாவாயி உள்ளே போய் ஒரு உருண்டை வாங்கித் தின்றாள். அவள் கை கழுவி நிமிர்வதற்குள் செல்லாயி வீட்டுச் சுவர் கறுத்துவிட்டது. விருந்தாளியைக் கூப்பிட்டால் அவரோடு கூட வந்தவர்களும் வந்துதானே ஆக வேண்டும்! பாவாயி வீட்டுக்கு ஓடிப் பார்த்தாள். சுவர் பளீரென்று வெள்ளையாக இருந்தது, காலண்டரில் தேதி தெரிந்தது, செங்கோடன் முழுசாகத் தெரிந்தான். அவள் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

ஊரே திரண்டு வந்தது. முன்னால் நின்றவர் பண்ணைக்காரர் நல்லசிவம், நெற்றி நிறையத் திருநீறு, அதட்டாத குரல்.

"ஏனுங்க அம்மிணி, செல்லாயி வீட்டுல கைக்கொழந்தை இருக்குதுங்க. ஒரு தட்டுல சோறு போட்டு, உங்க வாயால கூப்பிட்டுருங்க. வந்துருமுங்க."

"நான் மட்டும் என்ன பாவம் பண்ணுனேனுங்க?"

"பாவமா? சாமி வந்து தங்குற வீடுங்க இது. யாருக்குக் கிடைக்கும்?"

கைக்குழந்தை என்ற சொல்தான் அவளைச் சாய்த்தது. சோற்றைப் போட்டாள், கூப்பிட்டாள். எல்லாம் திரும்பி வந்தன. அன்றோடு வெங்கக்கல்பாளையத்தில் "வாங்க, சாப்புடுங்க" என்கிற சொல் செத்துப்போனது. அவளை மட்டும் என்றில்லை, பாவாயி காதில் எங்கே விழுந்துவிடுமோ என்று யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சோற்று நேரத்தில் அவள் வீதியில் நடந்தால் வாய்கள் மென்றதை நிறுத்தின, கதவுகள் சாத்திக்கொண்டன. வெள்ளிக்கிழமை தோறும் வெல்லமும் பாலும் கொண்டுவந்து அவள் வாசல் கேட்டுக்கு வெளியே வைத்துக் கும்பிட்டுப் போனார்கள், கேட்டைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை.

ஊரில் அந்தச் சொல்லை மறக்காதவர் ஒரே ஒருவர்தான். எதிர்வீட்டுக் காளியண்ணன், எண்பத்திரண்டு வயது, அந்தக் காலத்து லாரி டிரைவர். நினைவு கழன்றுபோய் நாலு வருஷம் ஆகிறது. ஓட்டு வீட்டில் அவர் தனியாக இருந்தார், பக்கத்து மாடி வீட்டிலிருந்து மருமகள் ருக்குமணி சோறு கொண்டுவந்து வைப்பாள். சோற்றைக் கண்டதும் அவர் காக்காயைப் பார்த்தும் நாயைப் பார்த்தும் டிவியில் செய்தி வாசிக்கிறவனைப் பார்த்தும் "வா சாமி, ஒரு வாய் சாப்புடு" என்பார். அதனால் ருக்குமணி தட்டை வைத்துவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுப் போனாள்.

மாதங்கள் போயின. தவமணி போன் செய்யும்போதெல்லாம் பாவாயி "ஈ கொஞ்சம் சாஸ்தியா இருக்குது கண்ணு" என்று மட்டும் சொன்னாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான், அது மாற்ற முடியாத வழக்கம், அதுவும் மாமியார் இல்லாத பெண். திருப்பூருக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பாவாயி நினைத்தாள், நினைத்த மாத்திரத்திலேயே அதை விட்டுவிட்டாள். அவள் போய் இறங்கியதும் மகள் சொல்லப்போகிற முதல் வார்த்தை என்ன? "சாப்புட வாங்கம்மா." தின்னாமல் எத்தனை நாள் இருப்பாள்? பஸ்ஸும் அவளுக்கு நிற்கவில்லை. வலைக்கதவு போட முன்பணம் வாங்கிய ஆசாரி வரவேயில்லை. அவள் வீதி முனைப் புளியமரத்தடியில் எந்நேரமும் இரண்டு ஆள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், அவள் கடந்தால் "எங்கீங்கக்கா?" என்று சிரித்த முகத்தோடு எழுந்து கூடவே நடந்தார்கள்.

ஐப்பசி மாதம் தவமணிக்கு அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி வண்டியிலேயே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை எபினேசர் தானாகவே பாவாயியைத் தேடி வந்தார். அவர் முகம் சரியில்லை.

"கொப்பூழ்க்கொடி காஞ்சு விழுற வரைக்கும் ஒரு ஈகூட அதுல உக்காரக் கூடாதுங்கம்மா. பச்சைப் புண்ணுங்க அது. உக்காந்தா முட்டை போட்ரும். நான் ஒரு தரம் பாத்திருக்கேன். அதை உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்."

அவர் சொல்லாததைப் பாவாயி அன்று முழுவதும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியை விலக்குகிறாள், தொப்புளில் வெள்ளையாக ஏதோ நெளிகிறது, துணியை மூடுகிறாள், மறுபடி விலக்குகிறாள். சுவர்களில் ஈக்கள் ரீங்காரத்தை நிறுத்திவிட்டு, தொட்டில் கட்ட உத்தரத்தில் அவள் போட்டிருந்த கயிற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தன. கயிற்றில் மட்டும் ஒன்றுகூட உட்காரவில்லை. அதற்குரியவர் முதலில் வரட்டும் என்று அவை காத்திருக்கின்றன என்று அவளுக்குப் புரிந்தது.

வாசலில் நின்ற நல்லசிவத்தைக் கும்பிட்டே கேட்டாள். "பதினஞ்சு நாளைக்கு, தாய்க்கும் பிள்ளைக்கும் வேற ஒரு வீடு குடுங்க. பிள்ளைக்குக் கொடி விழுகட்டும். அப்புறம் நானே கூட்டியாந்தர்றேன்."

"அது சரியா வராதுங்க அம்மிணி. உங்களுக்கும் வயசாகுது. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எல்லாம் கெளம்பி எங்க போறது? இந்த வீட்டுல ஒரு உசுரு கண்ணு முழிச்சு வளந்தாத்தான் அதுகளுக்கு இது பரம்பரை வீடாகும். ஊரே பேசி முடிவு பண்ணியாச்சு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, ஆரத்திக்கு நாங்களே ஏற்பாடு பண்ணீட்டோம்."

புதன்கிழமை பன்னிரண்டரைக்குத் தவமணி போன் செய்தாள். "கெளம்பிட்டோம்மா. பாப்பா தூங்குறா. உங்களை மாதிரியே காது."

பாவாயி செருப்புப் போடாமல் வீதியில் இறங்கினாள். அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. யாராவது கூப்பிட வேண்டும், ஒரு வாய் தின்ன வேண்டும். சோற்று நேரம். வடக்கு வீதியில் ஒவ்வொரு வாசலாக நின்றாள். கேட்கக் கூடாது, கூப்பிட்டால்தான் அழைப்பு. வெறுமனே நின்றாள். முதல் வீட்டில் ஜன்னல் சாத்தியது. இரண்டாம் வீட்டில் ஒரு பெண் வாய் நிறையச் சோற்றோடு தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். செல்லாயி அவளைப் பார்த்ததும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள், ஆனால் கூப்பிடவில்லை. மேற்கு வீதி முடிந்தது. பண்ணை வீதி முடிந்தது. பாதி ஊர் அவள் வீட்டு கேட்டுக்கு முன்னால் ஆரத்தித் தட்டோடும் புது உடுப்போடும் கூடியிருந்தது, மீதி ஊர் தாழ்ப்பாளுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. தார்ரோட்டுத் திருப்பத்தில் வண்டியின் ஹாரன் கேட்டது.

எதிர்வீட்டுக்குள்ளிருந்து தட்டுச் சத்தமும் கேட்டது.

தான் செய்யப்போவது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மாமா என்று அவள் கூப்பிடுகிற மனிதர், வெயிலில் தன் லாரி நிழலில் சின்ன வயதுத் தவமணியை உட்கார வைத்து முறுக்கு வாங்கிக் கொடுத்த மனிதர், ஈ வாய்க்குள் போனால் துப்பக்கூடத் தெரியாத மனிதர். தாழ்ப்பாளில் வைத்த கை வரமாட்டேன் என்றது. மறுபடி ஹாரன் அடித்தது. அவள் தாழ்ப்பாளை நீக்கினாள்.

காளியண்ணன் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டு நிமிர்ந்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"வா சாமி. எந்த ஊரு லோடு? வெயில்ல வந்திருக்கறே, ஒரு வாய் சாப்புட்டுப் போ."

"ஆச்சுங்க மாமா" என்று சொல்லிவிடலாம். அவள் நாக்கு அதற்குத் தயாராகக்கூட இருந்தது. பாவாயி குனிந்து, அவர் கையிலிருந்த சோற்றை வாங்கி, வாயில் போட்டு விழுங்கினாள்.

வீதி இருண்டது. ஆரத்தித் தட்டுகளில் கற்பூரம் அணைந்தது. கூட்டம் அப்படியே குனிந்து தலையில் கையை வைத்துக்கொண்டது, அதன் தலைக்கு மேலே பாவாயி வீட்டிலிருந்து ஏழு மாதத்து விருந்தாளிகள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பி, அவசரப்படாமல், ஒன்றை ஒன்று இடிக்காமல், எதிர்வீட்டு ஓட்டுக்குள் நுழைந்தன. கடைசி ஈ உள்ளே போனபோது ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது. தவமணி துணிச்சுருளை மார்போடு அணைத்தபடி இறங்கி, வெள்ளை வெளேரென்று இருந்த வீட்டைப் பார்த்தாள். "ஈ சாஸ்தின்னு சொன்னாங்களே அம்மா, ஒண்ணையும் காணமே" என்று சிரித்தபடி உள்ளே போனாள்.

ஊர் கொஞ்ச நேரம் குழம்பி நின்றது. நல்லசிவம் இந்த வீட்டைப் பார்த்தார், அந்த வீட்டைப் பார்த்தார். திருநீற்றைத் தடவிக்கொண்டு, "அவருக்கு வயசாயிருச்சு. இதெல்லாம் அவருக்கு என்ன தெரியப்போகுது?" என்றார். பத்துப் பேர் ஆமாம் என்றார்கள். ருக்குமணி கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதாள், மாடி வீட்டில் ஒரு ஈகூட இல்லை என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, மாமனார் வாசலில் அவளே முதல் வெல்லக்கட்டியை வைத்தாள்.

உள்ளே காளியண்ணன் அடுத்த வாய்ச் சோற்றை எடுத்தார். ஈக்கள் பொறுத்திருந்தன. அவர் விழுங்கினார். அவை இறங்கின, தட்டிலும் கையிலும் உதட்டிலும். அவர் கோபப்படவில்லை, பயப்படவில்லை, "வாங்க, எல்லாரும் வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருமினார். பாவாயி அவர் வாசலைத் தாண்டி வெளியே ஒரு கால் வைத்திருந்தாள். எதிரே அவள் பேத்தி முதல் முறையாக வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது, ஓடிப்போய் அந்தக் காதைப் பார்க்க வேண்டும் என்று உடம்பு தவித்தது. ஆனால் அவள் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். தின்று எழுந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பரணில் கைவிட்டுத் துழாவி, அடுப்புக்குப் போகாமல் தப்பிய ஒரு பழைய விசிறியை எடுத்து, தூசி தட்டி, கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறத் தொடங்கினாள்.

அவர் சாப்பிட்டு முடித்து, விசிறியை வாங்கத் தெரியாமல், சுவரில் சாய்ந்து கண் அயர்ந்தார். அவள் அவர் முகத்துக்கு விசிறிக்கொண்டேயிருந்தாள். மூன்று மணி இருக்கும். எதிர்வாசலில் தவமணி ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் தட்டுமாக வந்து நின்றாள். ஆவி பறக்கிற சோறு.

"அம்மா, எத்தனை நேரம் அங்கயே இருப்பீங்க? சாப்புட வாங்கம்மா. உங்களுக்குத்தான் போட்டு வெச்சிருக்கறேன்."

ரீங்காரம் நின்றது. சுவரிலும் ஓட்டிலும் கிழவரின் சட்டையிலும் இருந்த அத்தனை ஈக்களும் திரும்பி, பாவாயியின் வாயைப் பார்த்தன.

காலையிலிருந்து அந்த ஒரு வாயைத் தவிர அவள் எதுவும் தின்றிருக்கவில்லை. மகளின் கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். துணிச்சுருளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த, தன்னுடையதைப் போலவே இருந்த காதைப் பார்த்தாள். விசிறியை நிறுத்தாமல் சொன்னாள்:

"ஆச்சு கண்ணு. நீ சாப்புடு."